சுவரும் சாமானும்

வாடகை வீட்டுக்குக் குடி போகிறவன் முதலில் பால் காய்ச்ச வேண்டும் என்பது சாஸ்திரம். என் அனுபவத்தில், அதற்கும் முன்பாக அவன் ஒரு பூட்டு வாங்க வேண்டும்.

சென்ற தை மாதம் நாங்கள் ஜாகை மாற்றினோம். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர், நல்ல மனிதர். சாவியைக் கையில் கொடுத்தவர், "இது பழைய பூட்டு சார், நீங்கள் வேறு போட்டுக் கொள்ளுங்கள். ஆனால் கதவிலே புதிதாகத் துளை மட்டும் போட வேண்டாம்" என்றார். பிறகு சற்றுப் பெருமையுடன், "வீட்டை இன்ஷூர் பண்ணியிருக்கிறேன். தீயோ, வெள்ளமோ, பூகம்பமோ, எது வந்தாலும் கவலை இல்லை" என்று சேர்த்துக் கொண்டார்.

என் மனைவி இப்படிப்பட்ட சமயங்களில் வாயை மூடிக் கொண்டிருப்பவள் அல்ல. "எங்கள் சாமான்களுக்கும் சேர்த்துத்தானே சார்?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "அதெப்படியம்மா முடியும்? சுவர் என்னுடையது, சாமான் உங்களுடையது அல்லவா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருந்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. காவேரிக் கரையில் ஒரு சிற்றூரில், ஒரு நீண்ட வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். உறவுக்காரர் கல்யாணத்துக்காக மூன்று நாள் வெளியூர் போய்த் திரும்பி வந்து பார்த்தால், பூட்டு பூட்டியபடியே பத்திரமாக இருந்தது. கொண்டிதான் நிலையிலிருந்து பெயர்ந்து, அந்தப் பூட்டையும் சுமந்து கொண்டு தொங்கியது. உள்ளே வெண்கலப் பானை இல்லை. பித்தளை அண்டா இல்லை. அம்மாவின் வெள்ளிக் குங்குமச் சிமிழ் இல்லை. அப்பாவின் டிரான்ஸிஸ்டர் இல்லை. வீட்டுக்காரர் அன்று மாலையே ஆசாரியை அழைத்து வந்து, தம் செலவில் புதுக் கொண்டி அடித்துக் கொடுத்தார். "கதவு என்னுடையது, செய்து கொடுத்துவிட்டேன். சாமானுக்கு நான் என்ன செய்ய முடியும்?" என்றார். அதுவும் நியாயம்தான்.

புகார் கொடுக்கப் போன இடத்தில் அம்மா ஒவ்வொரு சாமானாகச் சொல்லிக் கொண்டே வந்தாள். எழுதியவருக்குப் பதினோராவது சாமானோடு அலுத்துவிட்டது. 'மற்றும் பல பாத்திரங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அம்மா வீடு திரும்பும் வரையில் பேசவே இல்லை.

சுவருக்கு ஒரு காவல், சாமானுக்கு ஒன்றும் இல்லை என்ற இந்த ஏற்பாடு எங்கே ஆரம்பித்தது என்று தேடிக் கொண்டு போனேன். அது என்னை 1666-ஆம் ஆண்டு லண்டன் மாநகரத்தில் கொண்டு போய் நிறுத்திற்று.

அந்த ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி, புட்டிங் லேன் என்ற சந்தில் தாமஸ் ஃபாரினர் என்பவருடைய ரொட்டிக் கிடங்கில் பிடித்த நெருப்பு, கீழைக் காற்றில் நான்கு நாட்கள் எரிந்து, ஏறத்தாழ 13,200 வீடுகளையும் 87 மாதா கோவில்களையும் சாம்பலாக்கிவிட்டது. இதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வருகிற செய்தி. அந்த நாட்களில் ஜனங்கள் தங்கள் சாமான்களை என்ன செய்தார்கள் என்பதுதான் என்னைப் போன்ற குடித்தனக்காரனுக்கு முக்கியமாகப் படுகிறது. வண்டி வாடகை பல மடங்கு ஏறியது. தேம்ஸ் நதியில் படகு கிடைப்பதே அரிதாயிற்று. கடற்படை அலுவலகத்தில் உயர்ந்த பதவியில் இருந்த சாமுவேல் பெப்பிஸ், தம்முடைய திராட்சை மதுவையும் பார்மெஸான் பாலாடைக் கட்டியையும் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்து வைத்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். புத்தக வியாபாரிகள் தங்கள் சரக்கையெல்லாம் புனித பால் கோவிலின் அடியிலுள்ள நிலவறையில் கொண்டு போய் அடுக்கினார்கள். கல் கட்டடம், நெருப்பு வராது என்று நம்பினார்கள். கோவிலும் எரிந்தது, புத்தகங்களும் எரிந்தன.

நெருப்பு அணைந்த பிறகுதான் குடித்தனக்காரர்களுக்கு வேறொரு நெருப்பு மூண்டது. லண்டன் வீடுகளில் பெரும்பாலானவை குத்தகைக்கும் வாடகைக்கும் விடப்பட்டவை. வீட்டைப் பழுது பார்த்து நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டியது குடியிருப்பவன் பொறுப்பு என்று பல பத்திரங்களில் எழுதியிருந்தது. வீடு எரிந்துவிட்டாலும், குத்தகைக் காலம் முடியும் வரை வாடகை வந்து கொண்டேயிருக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். தட்டு முட்டுச் சாமான்கள் சாம்பல். தலைக்கு மேல் கூரை இல்லை. ஊருக்கு வெளியே கூடாரத்தில் வாசம். அந்த மனிதனிடம், இல்லாத வீட்டுக்கு வாடகையும் கொடு, வீட்டையும் கட்டிக் கொடு என்று சட்டம் சொல்லியது!

அந்தச் சட்டத்தை அப்படியே நடத்தியிருந்தால் லண்டன் மறுபடி எழுந்திருக்காது. இதை அந்நாட்டுப் பாராளுமன்றம் சீக்கிரமே உணர்ந்தது. 1667-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு சட்டம் செய்து, 'நெருப்பு நீதிமன்றம்' என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். பெரிய நீதிபதிகள் மூன்று பேருக்குக் குறையாமல் கிளிஃபர்ட்ஸ் இன் என்ற இடத்தில் உட்கார்ந்து, சம்பளம் வாங்காமல், வக்கீல்களின் சடங்குகளைக் குறைத்துக் கொண்டு, வீட்டுக்காரனையும் குடியிருந்தவனையும் நேருக்கு நேர் வைத்துக் கேட்டார்கள். "உங்களில் யார் கட்டத் தயார்? யாரால் முடியும்?" என்பதே விசாரணையின் சாரம். குடித்தனக்காரன் கட்டுவதாக முன்வந்தால், வாடகையைக் குறைத்து, குத்தகை வருஷங்களை நீட்டிக் கொடுத்தார்கள். முடியாது என்றால், நியாயமான ஏதோ ஒரு தொகையோடு அவனை விடுவித்தார்கள். மாத்யூ ஹேல் போன்ற பெயர் பெற்ற நீதிபதிகள் அங்கே உட்கார்ந்தவர்கள். நகர சபை நன்றியறிதலாக அந்த நீதிபதிகளின் படங்களை எழுதுவித்து மண்டபத்தில் மாட்டி வைத்தது. குடித்தனக்காரனுக்கு நியாயம் வழங்கியதற்காக நீதிபதிகளுக்குப் படம் மாட்டியது உலகத்தில் வேறெங்காவது உண்டா என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அந்த நீதிமன்றமும் சுவரைப் பற்றித்தான் பேசியது. எரிந்து போன பானைக்கும் படுக்கைக்கும் அங்கே வழக்கு இல்லை.

பிறகு இன்ஷூரன்ஸ் வந்தது. நிக்கோலஸ் பார்பன் என்று ஒரு டாக்டர்; வைத்தியம் படித்துவிட்டு வீடு கட்டி விற்கும் தொழிலில் இறங்கிய சாமர்த்தியசாலி. 1680-ஐ ஒட்டி அவரும் சில கூட்டாளிகளும் லண்டனில் 'ஃபயர் ஆபீஸ்' என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தார்கள். செங்கல் வீடானால் வருஷ வாடகையில் நூற்றுக்கு இரண்டரை. மர வீடானால் நூற்றுக்கு ஐந்து. வீட்டின் மதிப்பை அறிய அவர்கள் கையில் எடுத்த அளவுகோல் வாடகைதான் என்பதைக் கவனியுங்கள். ஆனால் அந்த வாடகையைக் கொடுக்கிறவனுடைய பெட்டி படுக்கைக்கு அதில் இடமில்லை. பார்பன் ஈடு செய்ததும் சுவரைத்தான்.

அடுத்தடுத்து வேறு கம்பெனிகளும் வந்தன. ஒவ்வொரு கம்பெனியும் தன் தீயணைப்பு ஆட்களை வைத்துக் கொண்டது. தான் பொறுப்பேற்ற வீட்டு வாசலில் ஈயத்தகட்டால் ஒரு முத்திரை அடித்தது. தகடு இல்லாத வீடு எரிந்தால் அந்த ஆட்கள் கை கட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கேட்பதற்குச் சுவையான கதைதான். ஆனால் சரித்திர ஆசிரியர்கள் அதை அவ்வளவாக நம்புவதில்லை. பக்கத்து வீடு எரிந்தால் தன் வீட்டுக்கும் பரவும் என்பது கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா, என்ன?

சாமானுக்கும் ஈடு உண்டு என்று முதலில் துணிந்து கடை விரித்தவர்களில் முக்கியமானவர் சார்லஸ் போவி. விசித்திரமான ஆசாமி. ஓயாமல் துண்டுப் பிரசுரம் எழுதுவார். அரைப் பென்னிக்குக் கடிதம் கொண்டு கொடுக்கிறேன் என்று சொந்தத் தபால் நடத்தி, சர்க்காரிடம் 100 பவுன் அபராதம் கட்டினார். இவர் 1708-ஆம் ஆண்டில், இடம் பெயர்க்கக் கூடிய பண்டங்களுக்கும் சரக்குகளுக்கும் நெருப்பு ஈடு தருவதாக ஒரு திட்டம் கொண்டு வந்தார். 1710-ல் அது வேறு கைக்கு மாறி 'சன் ஃபயர் ஆபீஸ்' ஆயிற்று. முகம் கொண்ட சூரியன் அதன் முத்திரை.

அந்த ஆபீஸின் பாலிசிப் பதிவேடுகள், 1710 முதல் 1863 வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொகுதிகளாக இன்றும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அரசர்களையும் போர்களையும் பற்றி அவற்றில் ஒன்றும் இல்லை. ஒரு விதவை தாம் குடியிருக்கும் வீட்டிலுள்ள தட்டு முட்டுச் சாமானுக்கு இவ்வளவு, உடுத்தும் துணிக்கு இவ்வளவு, வெள்ளிப் பாத்திரத்துக்கு இவ்வளவு, பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் இவ்வளவு, புத்தகத்துக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். மாடியறையில் குடியிருந்த தையற்காரனும், கடை வைத்திருந்தவளும் அப்படியே. சொந்தமாக ஒரு செங்கல்கூட இல்லாத எத்தனையோ பேருடைய பெயர் சரித்திரத்தில் நிலைத்ததற்குக் காரணம், அவர்கள் தங்கள் சாமான்களைக் கணக்கெடுத்து எழுதி வைத்ததுதான்.

நெருப்பும் திருடனும் மட்டும்தானா குடித்தனக்காரனுக்குப் பகை? மூன்றாவதாக ஒருவர் உண்டு. அவர் சட்டத்தைக் கையில் வைத்துக் கொண்டு வாசல் வழியாகவே வருவார். வாடகைப் பாக்கிக்காக வீட்டிலுள்ள சாமான்களைக் கைப்பற்றும் உரிமை ஆங்கில நாட்டு வீட்டுக்காரனுக்கு வெகு காலமாக இருந்தது. இதில் கொடுமை என்னவென்றால், சாமான் யாருடையது என்று அவன் பார்க்க வேண்டியதில்லை. ஒருவர் முழு வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஓர் அறையை உங்களுக்கு உள்வாடகைக்கு விடுகிறார். நீங்கள் மாதா மாதம் தவறாமல் கொடுக்கிறீர்கள். அவர் வீட்டுச் சொந்தக்காரருக்குக் கொடுக்கவில்லை. அப்போது உங்கள் கட்டிலையும் தூக்கிக் கொண்டு போகலாம்!

கார்ல் மார்க்ஸ் குடும்பத்துக்கு 1850-ஆம் ஆண்டு லண்டன் செல்ஸி பகுதியில் இது போன்ற ஒரு கதிதான் நேர்ந்தது. அவருடைய மனைவி ஜென்னி ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அதை விவரித்திருக்கிறார். இனி வாடகையை வீட்டுக்காரியிடம் அல்ல, அவளுக்கும் மேலே உள்ள சொந்தக்காரரிடம் கொடுப்பது என்று பேசி முடிவாகியிருந்ததாம். அந்த அம்மாள் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று சாதித்து, ஐந்து பவுன் கேட்டு வந்து நின்றாள். பணம் இல்லை. இரண்டு ஜப்தி அமீனாக்கள் நுழைந்து படுக்கை, துணி, உடை எல்லாவற்றையும் குறித்துக் கொண்டார்கள். கைக்குழந்தையின் தொட்டிலையும், பெண் குழந்தைகளின் நல்ல பொம்மைகளையும்கூட விடவில்லை. குழந்தைகள் அழுது கொண்டு நின்றன. உலகத்துச் சொத்துரிமையை எல்லாம் அலசிப் பார்த்து எழுதிய ஒருவர் வீட்டில், பொம்மை யாருடைய சொத்து என்ற கேள்வி இப்படி வந்து சேர்ந்தது!

இதற்கு ஒரு மாற்று வருவதற்கு இன்னும் 21 வருஷம் ஆயிற்று. 1871-ல் 'உள்குடித்தனக்காரர் பண்டப் பாதுகாப்புச் சட்டம்' நிறைவேறியது. உள்வாடகைக்கு இருப்பவன், "இவை என்னுடையவை, உன் பாக்கிக்காரனுடையவை அல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவற்றைத் தொடக் கூடாது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த வாக்குமூலத்தோடு சாமான்களின் சரியான ஜாபிதா ஒன்றை இணைக்க வேண்டும். மறுபடியும் ஜாபிதாதான்! இந்த ஜப்தி வழக்கம் கப்பலேறி நம் பக்கமும் வந்தது. மாகாணத் தலைநகர்களுக்கான 1882-ஆம் ஆண்டுச் சிறு வழக்கு நீதிமன்றச் சட்டத்தில், வாடகைப் பாக்கிக்குச் சாமானைக் கைப்பற்றுவதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆங்கில நாட்டில் அந்தப் பழைய உரிமை 2014-ல்தான் அடியோடு ஒழிந்தது.

இனித் திருடனுக்கு வருவோம். அவனை இவ்வளவு நேரம் காக்க வைத்தது மரியாதை அல்ல.

ஆங்கிலேயர்களுக்குத் தங்கள் பூட்டுகளைப் பற்றிப் பெரிய கர்வம் இருந்தது. ஜோசப் பிராமா என்பவர் 1784-ல் ஒரு பூட்டுக்கு உரிமைப் பட்டயம் வாங்கினார். "இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி" என்ற சவாலுடன் அவருடைய பூட்டு ஒன்று பிக்காடிலிக் கடைக் கண்ணாடியில் பல பத்தாண்டுகள் தொங்கியது. 1818-ல் ஜெரமையா சப் என்பவர் இன்னொரு பூட்டுச் செய்தார். யாராவது கள்ளச் சாவி போட்டுக் குடைந்தால் அது இறுகிக் கொள்ளும். சொந்தக்காரர் தம் சாவியைப் போடும்போது, "ஒருவன் வந்து போனான்" என்று காட்டிக் கொடுத்துவிடும். 1851-ஆம் ஆண்டுப் பெரிய பொருட்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து ஆல்ஃப்ரெட் ஹாப்ஸ் என்ற பூட்டுக்காரர் வந்தார். சப் பூட்டை 25 நிமிஷத்தில் திறந்தார். பிராமா பூட்டோடு 16 நாட்களில் பரவலாக 51 மணி நேரம் மல்லாடி அதையும் திறந்து, 200 கினியை வாங்கிக் கொண்டார். லண்டன் பத்திரிகைகளில் பெரிய பரபரப்பு. எங்கள் வீட்டுத் திருடன் கொண்டியைப் பெயர்த்ததை நினைத்துக் கொள்கிறேன். 51 மணி நேரம் உட்கார்ந்து பூட்டைத் திறக்கிற பொறுமை திருடனுக்குக் கிடையாது. அவன் பூட்டைப் பார்ப்பதில்லை. அதைத் தாங்குகிற மரத்தைப் பார்க்கிறான். அந்த மரமோ வீட்டுக்காரருடையது.

1860-களில் லைனஸ் யேல் என்ற அமெரிக்கர், பழைய எகிப்து நாட்டு மரத்தாழ்ப்பாளில் இருந்த தத்துவத்தைச் சின்னஞ்சிறு உலோக முளைகளாகச் சுருக்கி, தட்டையான சாவி போடும் பூட்டுக்கு வடிவம் கொடுத்தார். சாவி சட்டைப் பையில் அடங்கும் அளவுக்குச் சிறுத்தது. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஒன்று என்று பெருகியது. பம்பாயில் ஆர்தேஷிர் கோத்ரெஜ் 1897-ல் பூட்டுத் தொழில் ஆரம்பித்தார். நம் திண்டுக்கல் ஆசாரிமார்கள் கையால் ராவி ராவிச் செய்த பூட்டின் கீர்த்தி யாருக்குத்தான் தெரியாது? 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னை நகரமே காலியானபோது, எத்தனை ஒண்டுக் குடித்தனங்கள் திண்டுக்கல் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு ரயிலேறியிருக்கும்! அவர்கள் கூடத்தில் விட்டுப் போனவற்றுக்கு அந்தப் பூட்டைத் தவிர வேறு ஈடு ஏது?

களவுக்கும் ஈடு தரலாம் என்பது வெகு தாமதமாகத்தான் மனிதனுக்குத் தோன்றியது. லண்டன் லாயிட்ஸ் மண்டபத்தில் கத்பர்ட் ஹீத் என்றொருவர் இருந்தார். காது மந்தம். நெருப்புக்குப் பாலிசி எழுத வந்த ஒருவர், "திருட்டுக்கும் சேர்த்து எழுதுவீர்களோ?" என்று பாதி வேடிக்கையாகக் கேட்க, "ஏன் கூடாது?" என்று ஹீத் திருப்பிக் கேட்டாராம். இப்படி 1889-ல் களவு இன்ஷூரன்ஸ் பிறந்ததாகச் சொல்வார்கள். நெருப்புக்கு ஈடு வந்து இருநூறு வருஷம் கழித்துத் திருடனுக்கு ஈடு வந்தது. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். எரிந்த வீடு பொய் சொல்லாது. திருட்டுப் போன சாமானோ, இருந்ததா இல்லையா என்பதற்கே சாட்சி வேண்டும்.

நம் தேசத்தில் இப்போது நிலைமை என்ன? 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைப் பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தர வேண்டும் என்று ஏற்பாடாகியிருக்கிறது. சுவர் இல்லாதவனும், உள்ளே இருக்கும் சாமானுக்கு மட்டும் அதை எடுக்கலாம். தீ, வெள்ளம், புயல், பூகம்பம் எல்லாம் அதில் அடங்கும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் கீழ்த்தளத்துக் குடித்தனங்களிலிருந்து சேற்றோடு வெளியே வந்த மெத்தைகளையும் குளிர்சாதனப் பெட்டிகளையும் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் திருட்டு விஷயத்தில் கண்ணைத் திறந்து கொண்டு படிக்க வேண்டும். அந்தப் பாலிசி ஏற்கும் திருட்டு, தீ வெள்ளம் போன்ற விபத்தை ஒட்டி 7 நாட்களுக்குள் நடப்பதுதான். சாதாரணமாகக் கதவை உடைத்து நடக்கும் களவுக்குத் தனியாகப் பணம் கட்டித் தனியாகச் சேர்த்துக் கொள்ள வேண்டும். அதிலும், உடைத்த அடையாளம் உண்டா, வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது என்றெல்லாம் கேள்விகள் வரும். முன்பு குடியிருந்தவர் திருப்பித் தராமல் வைத்துக் கொண்ட சாவியால் ஒருவன் சாந்தமாகத் திறந்து கொண்டு வந்தால், உடைத்த அடையாளத்துக்கு எங்கே போவது? ஆகவேதான் சொல்கிறேன், பால் காய்ச்சுவதற்கு முன்பே பூட்டை மாற்றிவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் ஜாபிதா எழுத உட்கார்ந்தோம். மிக்ஸி, கிரைண்டர், கட்டில், பீரோ என்று ஆரம்பித்து, புத்தகங்கள் வரையில் வந்தோம். சமையலறைக்கு வந்தபோது என் கை ஓய்ந்துவிட்டது. 'மற்றும் பல பாத்திரங்கள்' என்று எழுதத் தொடங்கினேன்.

ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்த அம்மா, "அப்படி எழுதாதேடா" என்றாள். பிறகு கண்ணை மூடிக் கொண்டு, வெண்கலப் பானை, பித்தளை அண்டா, இரண்டு ஜோட்டுத் தவலை, வெள்ளிக் குங்குமச் சிமிழ் என்று சொல்லிக் கொண்டே போனாள்.

"அதெல்லாம் இப்போது நம்மிடம் இல்லையே, அம்மா?" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? அன்றைக்கு அந்த மனுஷன் எழுதவில்லை. நீயாவது எழுது."

தனிக் காகிதத்தில் எழுதினேன். மொத்தம் இருபத்தேழு சாமான்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை போட வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டேன்.